குடை படம் போட்ட கேசட்

போன வாரம் நம் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி, "சின்ன வயசுல நாம என்னென்ன பாட்டுடி கேட்டோம்?" என்று ஆரம்பித்து வைத்தாள். வரிசையாக வந்து விழுந்தன சினிமாப் பாட்டுகள். கூடவே அழுகிற பொம்மை, சிரிக்கிற பொம்மை. நாற்பதைத் தொடப்போகிற நமக்கு முழங்கால் வலிக்கிறதோ இல்லையோ, பழைய பாட்டைச் சொன்னால் எங்கோ வலிக்கத்தான் செய்கிறது. நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒரு வாரம் வைத்து ஓட்டியிருப்பீர்கள். நெல்லித்தோப்புச் சந்து ஒன்றில், மில் ஃபிட்டர் வீட்டில், மீன் குழம்பு கொதிக்கிற வாசனைக்கு நடுவே நான் கேட்டு வளர்ந்தது இங்கிலாந்துக்காரர்களின் பாட்டு.

எந்தக் குழு, எந்தப் பாடகர் என்று கேட்காதீர்கள். அப்போது எனக்கும் தெரியாது. வெகுநாள் கழித்து இன்டர்நெட்டில் ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்தேன். பெயர் தெரிந்ததும் பாட்டு கொஞ்சம் சின்னதாகிப் போனதுபோல் இருந்தது. அதனால் பெயர்களை மறுபடி மறந்துவிட முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

கேசட்டுகளைக் கொண்டுவந்தது அக்கா. என்னைவிட ஏழு வயது மூத்தவள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய சட்டைகளுக்கும் பிடி இல்லாத வாணலிகளுக்கும் பக்கத்தில், ஒரு ஷூ பெட்டிக்குள் சணல் கயிறு கட்டிக் கிடந்தனவாம். ஊரைக் காலி செய்துகொண்டு போன யாரோ ஒரு வெள்ளைக்காரர் போட்டுவிட்டுப் போனது என்று கடைக்காரர் சொன்னாராம். பதினோரு கேசட். ஒன்றிலும் எழுத்து இல்லை. எழுத வேண்டிய இடத்தில் நீலப் பேனாவால் சின்னச் சின்னப் படங்கள்: சைக்கிள், மீன், கெட்டில், காது மடிந்த நாய், குடை. நாங்களும் அப்படியே பெயர் வைத்துக்கொண்டோம். "நாயைப் போடுடி", "மீனைத் திருப்பிப் போடு" என்று பேசுவோம். வெளியிலிருந்து கேட்கிறவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ.

எல்லாமே ரேடியோவிலிருந்து பதிந்தவை. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் ஒரு அறிவிப்பாளர் வருவார். தொண்டையில் வெல்லம் கரைகிற மாதிரி ஒரு குரல். அவர் வானிலையும் சொல்வார். வடக்கே மழை, மேற்கே தூறல், மதியத்துக்கு மேல் வெயில் எட்டிப் பார்க்கலாம். அக்கா அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, நான் என் பள்ளி அட்லஸில் அந்த ஊர்களைத் தேடிப் புள்ளி வைப்பேன். வெளியே அக்னி நட்சத்திர வெயில். சிமென்ட் தரையில் தண்ணீர் தெளித்து, அது காய்வதற்குள் அதன்மேல் மல்லாந்து படுத்திருப்போம். எப்போதோ, எத்தனையோ வருடத்துக்கு முன்னால், அந்த ஊர்களில் பெய்து முடிந்த மழை எங்கள் வீட்டுக்குள் பெய்யும். பிறகு கிடார் வரும். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அந்தப் பாடகன் எதையோ தொலைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து போகிறான் என்பது மட்டும் புரியும். அவனோடு நானும் நடப்பேன், ஈரத் தெருவில், கையில் குடை இல்லாமல். அப்படியே கண் சொருகிவிடும். நான்கு மணிக்குக் கடல் காற்று ஜன்னல் வழியே வந்து காலைத் தொட்டால்தான் நெல்லித்தோப்புக்குத் திரும்பி வருவேன்.

இதில் ஒரு திருட்டுத்தனம் இருந்தது. டேப் ரெக்கார்டரை அப்பா வாங்கியது பிரெஞ்சுக்காக. அக்கா காலேஜ் முடிந்து மாலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் நேஷனாலிட்டி என்றால் பிரெஞ்சு நேஷனாலிட்டிதான், வேறு எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்களைச் சொல்தா என்போம். அவர்கள் பிள்ளைகள் எல்லாம் பிரான்ஸில். அந்தப் பிள்ளைகளுக்குப் பெண் தேடி ஒவ்வொரு வருடமும் இங்கே வருவார்கள். பெண்ணுக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்திருந்தால் நல்லது என்று மில்லில் அப்பாவிடம் யாரோ ஓதிவிட்டார்கள். அவ்வளவுதான், அப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

"பிரெஞ்சுக்குன்னுதான் வாங்கியாந்திருக்கேன். சினிமாப் பாட்டு கேட்டது தெரிஞ்சுது, கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துடுவேன், ஆமா" என்று டேப் ரெக்கார்டரைப் பீரோ மேல் வைத்த அன்றே சொல்லிவிட்டார்.

வகுப்பில் கொடுத்த பாடக் கேசட் ஒன்று இருந்தது. அதில் ஒரு அம்மாள் பென்சில் மேசைமேல் இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்வார். பிறகு மேசை பென்சிலுக்குக் கீழே இருக்கிறது என்பார். பத்து நிமிடம் கேட்டால் பென்சிலையும் மேசையையும் சேர்த்து ஜன்னல் வழியாக எறியலாம்போல் இருக்கும்.

ஒருநாள் முதல் ஷிஃப்ட் முடிந்து அப்பா சீக்கிரமே வந்துவிட்டார். உள்ளே கிடார் இடிக்கிறது. அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "என்னாது இது?" என்றார்.

அக்கா கண்ணிமைக்காமல், "பிரெஞ்சுப் பாட்டுப்பா. டீச்சர் கேக்கச் சொன்னாங்க. கேட்டாத்தான் உச்சரிப்பு வருமாம்" என்றாள்.

அப்பா நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்? அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் பேரிங், ஸ்பேனர், ஓவர்டைம், மிஞ்சினால் குட்மார்னிங், ரெயின். வெள்ளைக்காரன் கிடாரோடு கத்தினால் அது எந்தப் பாஷை என்று அவருக்கு எப்படித் தெரியும்? நம்பியதோடு விடவில்லை. தினமும் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, தலைக்குத் துண்டைச் சுருட்டி வைத்துத் தரையில் படுத்து, "அந்தப் பிரெஞ்சைப் போடும்மா" என்பார். எங்கள் திருட்டுப் பாட்டு அப்படித்தான் வீட்டுப் பாட்டாக ஆனது.

அம்மாவுக்கு மட்டும் சகிக்கவில்லை. "எதுக்குடி இவன் இந்தக் கத்து கத்துறான்? வவுத்து வலியா?" என்று அடுக்களையிலிருந்து கேட்பாள்.

"உனக்கு என்னா தெரியும்? அது அவங்க பாஷை. அப்படித்தான் இருக்கும்" என்பார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

குடைக் கேசட்டின் முதல் பாட்டு அவருக்கு ரொம்பப் பிடித்துப் போனது. ஆர்மோனியம் மாதிரி ஏதோ ஒன்று மெதுவாக இழுத்துக்கொண்டே வரும், அதன் மேல் ஒருவன் தனியாகப் பாடுவான். "இதுல என்னம்மா சொல்றான்?" என்று ஒருநாள் கேட்டார். அக்கா ஒரு நொடி யோசித்துவிட்டு, "தூரத்துல இருக்கற அப்பாவ நெனச்சுப் பாடறான்பா" என்றாள். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பாட்டு வரும்போது யாரும் பேசக் கூடாது.

ஆபத்து ஒன்றுதான். அறிவிப்பாளர். பாட்டில் தப்பித்துவிடலாம், பேச்சில் முடியாது. மழை, காலை, வணக்கம் இதற்கெல்லாம் இங்கிலீஷில் என்ன என்று அப்பாவுக்கும் தெரியும். அதனால் அப்பா வீட்டில் இருந்தால் அறிவிப்பாளர் வாயைத் திறப்பதற்குள் கேசட்டை வேகமாக முன்னால் ஓட்டிவிட வேண்டும். அது என் வேலை. ஒவ்வொரு கேசட்டிலும் அவர் எங்கே மூச்சு வாங்குவார் என்பதுகூட எனக்கு மனப்பாடம். அக்கா என்னைப் பெருமையாகப் பார்ப்பாள். பதின்மூன்று வயதில் எனக்கு வேறென்ன வேண்டும்? அவள் சிரித்தால் போதும். அந்த வருடம் அவளைத் தவிர எனக்கு உலகத்தில் யாரும் தேவைப்படவில்லை. அதை இன்றைக்கும் வெட்கமில்லாமல் சொல்வேன்.

ஆவணியில் அந்தச் சம்பந்தம் வந்தது. ரெட்டியார்பாளையத்துச் சொல்தா வீடு. பையனுக்குப் பாரிஸ் பக்கத்தில் ரயில் பழுதுபார்க்கிற இடத்தில் வேலை. இரண்டு மாத லீவில் வந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னாள். அப்பா டேப் ரெக்கார்டரைத் துடைத்து, பீரோ மேலிருந்து இறக்கி, கூடத்து ஸ்டூலில் எல்லாரும் பார்க்கும்படி வைத்தார்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிரான்ஸுக்குப் போனவர்கள் திரும்பி வருவதில்லை. வந்தாலும் சாக்லேட்டும் சென்ட்டுமாக ஒரு மாதம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேசட் கேட்கும்போது கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு மதியம் பட்டுப் புடவை கட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். "அப்பா கண்டிப்பா பாட்டு போடச் சொல்வார்டி. மாப்பிள்ளையோட அப்பா பட்டாளத்துல இருந்தவரு, அந்தப் பெரியவருக்கு நல்லா பிரெஞ்சு தெரியும், மாட்டிக்குவோம். நான் பாடக் கேசட்ட உள்ள போட்டு வச்சிட்டேன். நீ பட்டன அமுக்கு, போதும்" என்றாள்.

வந்தார்கள். பெரியவர் நெட்டையாக, சட்டை மடிப்புக் கலையாமல், பட்டாளத்தான் போலவே உட்கார்ந்தார். அவர் மனைவி அம்மா சுண்ணாம்பு அடிக்க வைத்த சுவரையும் எங்கள் சமையலறைக் கதவையும் அளந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா காபித் தட்டோடு வந்தபோதும் தலையைத் தூக்கவில்லை. பேச்சு விட்டுவிட்டு வந்தது. கேசரி ஆறிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை.

"எங்க பொண்ணு காலைல எழுந்தா பிரெஞ்சுப் பாட்டுதாங்க. எங்களுக்கே பழகிப் போச்சுன்னா பாத்துக்குங்க. சின்னவளே, அதைப் போடு" என்றார்.

நான் ஸ்டூலின் முன்னால் போய் உட்கார்ந்தேன். என் முதுகு டேப் ரெக்கார்டரை எல்லார் கண்ணிலிருந்தும் மறைத்திருந்தது. பாடக் கேசட் உள்ளே இருந்தது. ஷூ பெட்டி ஸ்டூலுக்குக் கீழே. எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று தெரியவில்லை. கை தானாகச் செய்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது பொய். தெரிந்தேதான் செய்தேன். பாடக் கேசட்டை வெளியே எடுத்தேன். குடையை உள்ளே வைத்தேன். பாட்டு ஆரம்பிக்கிற இடத்தில் இல்லை, முழுக்கப் பின்னால் சுற்றி, அறிவிப்பாளர் பேசுகிற இடத்தில். பெரியவருக்குத் தெரியட்டும். எங்கள் வீடு பொய் சொல்கிற வீடு என்று எழுந்து போகட்டும். அப்பா என்னை அடிக்கட்டும், டேப் ரெக்கார்டரைத் திருப்பிக் கொடுக்கட்டும். அக்கா இருந்தால் போதும்.

பட்டனை அழுத்தினேன்.

வடக்கே மழை, மேற்கே தூறல் என்று எங்கள் கூடத்தில் இங்கிலீஷ் தெளிவாகக் கேட்டது. பெரியவரின் புருவம் மேலே போனது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஆர்மோனியம் மாதிரி அந்த இழுப்பு வந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை தலையைத் தூக்கினான். டேப் ரெக்கார்டரைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அவன் விரல்கள் முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தன. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டான். அக்காவும் சிரித்தாள்.

அப்பா மட்டும் முகத்தைச் சுளித்தார். "முன்னாடி ஒருத்தர் பேசினாரே, அது இங்கிலீஷ் மாதிரி இருந்துச்சே?" என்று மெல்லக் கேட்டார்.

பெரியவர் தன் பையனை ஒரு தடவை பார்த்தார். காபியை ஒரு வாய் குடித்தார். "அது ரேடியோக்காரன், முசியே. ஊர் சுத்திப் பாக்க வர்றவங்களுக்காக ரெண்டு பாஷைலயும் சொல்வான். பாட்டு நல்ல பாட்டு. எங்க வூட்லயும் எப்பவும் இதான்" என்றார், அப்பாவைப் பிரெஞ்சில் ஐயா போட்டு.

"நான் சொல்லல?" என்று அப்பா எல்லாரையும் சுற்றிப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் இப்போதும் வரைய முடியும். பெரியவர் எங்களைக் காப்பாற்ற அப்படிச் சொன்னார் என்று அன்று நினைத்தேன். இப்போது யோசித்தால், வந்ததிலிருந்து வாயைத் திறக்காத பையன் சிரித்ததைப் பார்த்துவிட்டார் என்று தோன்றுகிறது. எங்களுக்காக இல்லை, அவர் பையனுக்காக.

அன்று மாலையே அக்கா சரி என்று சொல்லிவிட்டாள். தையில் மாப்பிள்ளை மறுபடி லீவு போட்டு வந்தபோது கல்யாணம். விசா வந்து ஆனியில் போனாள். கேசட்டுகளை எனக்கே விட்டுவிட்டுப் போனாள். நான் அவற்றைத் தொடவில்லை. என் கையால்தானே அனுப்பி வைத்தேன் என்ற நினைப்பு. கெடுக்கப் போய் நானே முடித்து வைத்துவிட்டேன். அந்தச் சிரிப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் என்று மாப்பிள்ளைமேல் வருடக்கணக்கில் கோபம் வைத்திருந்தேன். அவர் எனக்கு எத்தனை சாக்லேட் கொண்டுவந்தும் பயனில்லை.

அந்தக் கேசட்டுகளும் மிஞ்சவில்லை. அப்பாவுக்கு டெலிபோன் பூத்தில் பேச வராது. கண்ணாடிக்கு வெளியே நாலு பேர் காத்திருந்தால் அவர் நல்லாருக்கியா, நல்லாருக்கோம் என்பதோடு வைத்துவிடுவார். அதனால் வீட்டில் உட்கார்ந்து டேப் ரெக்கார்டரில் பேசி, பிரான்ஸுக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்ப முடிவு செய்தார். புதுக் கேசட் எதற்கு, இதுதான் இருக்கிறதே என்று ஷூ பெட்டியை எடுத்தார்.

"அப்பா, அது பாட்டுப்பா" என்றேன்.

"பிரெஞ்சுப் பாட்டு பிரான்ஸ்ல கெடைக்காமலா போவுது? நம்ம கொரல்தான் அங்க கெடைக்காது" என்றார்.

உண்மையைச் சொன்னால் அக்கா பொய் சொன்னாள் என்றாகும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நாய் போனது, பிறகு மீன், பிறகு சைக்கிள். தேங்காய்த்திட்டு மீன் துறைக்குப் போனேன், வஞ்சிரம் வந்திருந்தது, நீ இல்லையே என்று வாங்கவில்லை என்று அப்பா பேசுவார். மில்லை மூடப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள் என்பார். தங்கச்சி ஒழுங்காகப் படிக்கவில்லை என்பார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில் ஒரு பாட்டு அழிந்துகொண்டிருந்தது. கடைசியாகக் குடையும் போனது. அப்பா பேசி முடித்துப் பட்டனை அழுத்தி நிறுத்தும்போது கேசட்டின் அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நாடா பாக்கி இருக்கும். அதில் என்ன இருந்திருக்கும் என்று படுத்துக்கொண்டு யோசிப்பேன். அந்த ஊர்களில் மழை நின்றிருக்குமா என்றுகூட யோசித்திருக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான்.

அப்பா நான்கு வருடத்துக்கு முன் போய்விட்டார். கடைசி வரை அது பிரெஞ்சுப் பாட்டுதான் அவருக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட அந்த ஆர்மோனிய இழுப்பை முனகிக்கொண்டிருந்தார். நர்ஸ் என்ன பாட்டு என்று கேட்டதற்கு, "பிரெஞ்சும்மா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

போன ஜூலையில் அக்கா வந்திருந்தாள். தலையில் பாதி நரை. இரண்டு பையன்களும் அவளைவிட உயரம். நானும் அவளும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ போய் அப்பாவின் கேசட்டுகளுக்கு வந்தது. எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறாளாம். "அப்பா பேசி முடிப்பார், டக்குனு பாட்டு நடுவுலேர்ந்து ஆரம்பிக்கும். அந்தக் குளிர்ல, புது ஊர்ல, அதக் கேட்டுக்கிட்டு எவ்ளோ அழுதிருக்கேன் தெரியுமா?" என்றாள்.

பிறகு கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். "உங்கிட்ட இத நான் சொன்னதே இல்ல. அன்னிக்கு நான் வேணாம்னு சொல்றதா இருந்தேன்டி."

"எதை?"

"அவரத்தான். அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு வாரம் பூரா மனசுக்குள்ள ஒத்திகை பாத்துட்டு இருந்தேன். நீ சாப்புடாம கெடக்கற. உன்ன விட்டுட்டு எங்க போறதுன்னு இருந்துச்சு. காபி குடுத்துட்டு உள்ள போனதும் அம்மாகிட்ட சொல்லிடணும்னுதான் வெளிய வந்தேன்."

நான் கீரையைப் பார்த்தபடி, "அப்புறம் அவர் சிரிச்சிட்டாரு" என்றேன்.

"அவர் சிரிச்சதுக்காகவா? சேச்சே. நீ கேசட்ட மாத்திப் போட்ட பாரு, அதான். பேசற எடத்த ஓட்டுறதுல உனக்குத் தப்பே வராது. நீ வேணும்னுதான் செஞ்சேன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. என் அக்கா இதான், பாத்துக்கன்னு அவருக்கு நீ காட்டற. சரி, இவளே நம்மள போகச் சொல்றா, இவ தைரியமாத்தான் இருக்கா, போலாம்னு அந்த நிமிஷம்தான் முடிவு பண்ணேன்." என் தோளில் தன் தோளால் இடித்தாள். "பதிமூணு வயசுல உனக்கு எவ்ளோ பெரிய மனசுடி."

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், தோழிகளே. அந்த நேரத்தில் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். இருபது வருடத்துக்கும் மேல் அவள் அங்கே பிடித்துக்கொண்டு நின்றது அந்த ஒரு நினைப்பை. அதை எப்படிப் பிடுங்குவது? எனக்கு முன்னால் இருந்த கீரை எல்லாம் ஒரே பச்சையாகக் கலங்கிப் போனது.

"ஏய், எதுக்குடி அழற?" என்றாள்.

"அப்பா ஞாபகம் வந்துடுச்சுக்கா" என்றேன்.

அவளும் நம்பினாள்.